பிரீமியமா, எதுக்கு?

அந்த அக்காவிடம் போய் பிரீமியம் பெட்ரோல் போடச் சொன்னால் பைப் வராது, கேள்விதான் வரும்.

"எதுக்கு?"

ஓட்டலில் நெய் தோசை கேட்டால் சர்வர் எதுக்கு என்று கேட்பதில்லை. ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை கேட்டால் எதுக்கு என்று கேட்பதில்லை. ஆனால் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த அந்தப் பெட்ரோல் பங்க்கில், இரண்டாவது மெஷின் பக்கத்தில், புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு நின்ற அந்த அக்கா கேட்பார். கேட்டதோடு விட்டாலும் பரவாயில்லை. பதில் வருகிறவரை பைப்பைத் துப்பாக்கி மாதிரி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அதுதான் பேஜார்.

மக்களுக்குப் பதில் தெரியாது. நல்லா இழுக்கும் என்பார்கள். மைலேஜ் தரும் என்பார்கள். ஒருவர் வண்டிக்கு ராசி என்றார். புதிதாகப் பெரிய கார் வாங்கியிருந்த ஒருவர் மட்டும் நேர்மையாக, தன்னிடம் காசு இருப்பதால் போடுவதாகச் சொன்னார். "அப்ப காச டிக்கில வெச்சு பூட்டிக்கோ சார். என்ஜினுக்குள்ள இன்னாத்துக்கு ஊத்துற?" என்றார் அக்கா. அந்த ஆள் உள்ளே போய் மேனேஜரிடம் புகார் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். சாதா போட்டுக்கொண்டுதான் கிளம்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வியாதியை அக்காவுக்கு ஒட்டவைத்தது நான். இப்போது நினைத்தாலும் பாதி பெருமையாகவும் பாதி பயமாகவும் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் நான் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். அறுபது பேர் வகுப்பில் மூன்று பெண்கள், அதில் ஒருத்தி நான். அப்பா செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் கார் வாங்கி, இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, இரண்டு முறையும் ஒரே தண்ணி லாரிக்குப் பயந்து, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆக, குடும்பத்துக்கு நான்தான் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் போட்டு வருவது என் வேலை. மீதி நேரமெல்லாம் சேலையூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கார் பைத்தியங்களின் இணையக் குழு ஒன்றில் கிடப்பேன். அங்கே எல்லோரும் என்னை 'ப்ரோ' என்று கூப்பிட்டார்கள். திருத்தவில்லை. திருத்தினால் பேச்சு காரிலிருந்து வேறெங்கோ போய்விடும் என்று தெரியும்.

பிரீமியம் வந்து ரொம்ப வருடம் ஆகவில்லை. நானும் ஆறு மாதம் அதையே ஊற்றினேன். இரண்டாவது கியரில் வண்டி பாய்கிறது, ஆக்சிலரேட்டரில் கால் பட்டால் போதும் என்றெல்லாம் குழுவில் பக்கம் பக்கமாக எழுதினேன். பிறகு ஒரு நாள் வகுப்பில் ஆக்டேன் என்றால் என்ன என்று பாடம் நடந்தது. ஆக்டேன் சக்தியே இல்லையாம். பெட்ரோலை அமுக்க அமுக்க, ஸ்பார்க் வருவதற்கு முன்னால் அது தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்குகிறது என்பதன் அளவுதானாம். அதிகம் அமுக்குகிற என்ஜினுக்கு அதிக ஆக்டேன் வேண்டும். எங்கள் காருக்கு 91 போதும் என்று கையேட்டிலேயே அச்சடித்திருந்தது. சாதா பெட்ரோலே 91. அப்படியானால் ஆறு மாதமாகப் பாய்ந்தது வண்டி இல்லை, நான்.

ஒரு கார் பைத்தியத்துக்கு அவமானம் வந்தால் அது மூலையில் உட்கார்ந்து அழாது. ஓடிப்போய் இன்னொருவருக்குப் பாடம் எடுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பிடித்தது அக்காவை. பங்க்கில் கூட்டமில்லை. கார் டிக்கியின் தூசியில் விரலால் பிஸ்டன் வரைந்து, அம்புக்குறியெல்லாம் போட்டு விளக்கினேன். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இதுல பவரு இல்லியா?"

"இல்லக்கா. அமுக்கினா தாங்கும், அவ்ளோதான். நம்ம வண்டி அவ்ளோ அமுக்காது. அதனால வேஸ்ட்."

அக்கா தூசியில் இருந்த பிஸ்டனை விரலால் தட்டினார். "என் மாமியாரு நாலு வார்த்த சொன்னா வெடிச்சிடும். நானு நாப்பது வார்த்த ஆனாலும் கம்முனு கேட்டுக்கினு இருப்பேன். அப்ப அது சாதா, நான் பிரீமியம். கரீட்டா பாப்பா?"

எங்கள் பேராசிரியர் இரண்டு வகுப்பு எடுத்துக்கொண்டதை அக்கா இரண்டு மூச்சில் முடித்தார். நாற்பது வார்த்தைக்குக் கம்மென்று இருப்பதாகச் சொன்னது மட்டும் பச்சைப் பொய்.

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எனக்கெல்லாம் ஒன்று தெரிந்துவிட்டால் அதைக் குழுவில் போட்டால் தீர்ந்தது. அக்கா வேறு ரகம். மனசுக்குத் தெரிந்தது ஒன்று, வாய் சொல்வது இன்னொன்று என்று அவரால் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. கொள்கை கிள்கை என்று பெரிய பெயர் வைக்க வேண்டாம். தும்மல் மாதிரி. வந்தால் வந்துவிடும்.

காற்றடிக்கும் மெஷினைச் சொல்கிறேன். அதன் மீட்டர் மூன்று பாயிண்ட் கூட்டிக் காட்டும். பங்க்கில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அக்கா அதன் வயிற்றிலேயே சாக்பீஸால் 'மூணு கூட காட்டுது' என்று எழுதிவைத்தார். மேனேஜர் அழித்தார். அக்கா எழுதினார். மேனேஜர் மறுபடி அழித்தார். கடைசியில் மீட்டரை மாற்றினார்கள், அந்தச் சாக்பீஸ் சண்டையைப் பார்க்க ஆட்டோக்காரர்கள் நிற்க ஆரம்பித்ததால்.

இன்னொன்று அக்காவே சொன்னது. அவர் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்துவிட்டாள். அக்கா நேராக டீச்சரிடம் போய், முடிகிற கோடு கோணலாகப் போட்டிருக்கிறது, நேராகப் போட்டிருந்தால் பக்கத்துக் குழந்தைதான் மூன்றாவது, என் மகள் நாலாவது என்று வாதாடியிருக்கிறார். மகளின் கையிலிருந்த சோப்பு டப்பா பரிசு இன்னொரு குழந்தையின் கைக்குப் போனது. அந்தக் குழந்தை இரண்டு நாள் பேசவில்லை என்று அக்கா வருத்தப்பட்டார். அந்தக் குழந்தை என்றது தன் மகளைத்தான்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஆக்டேனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

பங்க்கின் ஏற்பாடு இதற்கு நேர்மாறு. சாதாவா பிரீமியமா என்று கேட்கக் கூடாது, "பிரீமியம் ஃபுல்லா சார்?" என்றுதான் கேட்க வேண்டும். வாயைத் திறக்காதவனுக்கு பிரீமியம்தான். மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகையில் எந்த ஷிப்ட்டில் பிரீமியம் எவ்வளவு போனது என்று தினமும் எழுதுவார்கள். காலை ஷிப்ட் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். குழுவில் கேட்டு ஏழெட்டு வண்டிகளின் கையேட்டிலிருந்து எரிபொருள் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு மெஷின் பக்கத்துத் தூணில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டார். யாராவது முறைத்தால் கவரைக் கழற்றி நீட்டுவார். "இங்லீசுலதான் போட்டுகீது. படி." டை கட்டிய மனிதர்கள் பெட்ரோல் வாசனைக்கு நடுவில் நின்று பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்தார்கள்.

ஒருதலைப்பட்சமும் கிடையாது. எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் யாரிடமோ கைமாற்றி வாங்கிய வெளிநாட்டு பைக்கில் வந்து சாதா போடச் சொன்னான். அக்கா டேங்க்கில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது நிறைய அமுக்குற வண்டி, சாதா ஊத்தினால் கொலைக் கேஸ் என்று அவனுக்கு பிரீமியம் போட்டார். அவன் போகும்போது என்னைப் பார்த்து, "யார் மச்சான் இவங்க?" என்றான். எங்கள் வகுப்பில் பெண்களுக்கும் மச்சான்தான்.

யார் இவர் என்பதற்குப் பதிலாக நான் குழுவில் ஒரு பதிவு எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் ஹிட். பங்க் எங்கே, எத்தனையாவது மெஷின், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று வழிகாட்டி மாதிரி எழுதித் தொலைத்தேன். அடுத்த ஞாயிறு மேடவாக்கத்திலிருந்து நாலு கார், பள்ளிக்கரணையிலிருந்து இரண்டு கார், எண்ணிக்கையில்லாத பைக்குகள். எல்லாம் ஐ.டி. பையன்கள். அக்காவிடம் திட்டு வாங்குவதற்காக வரிசையில் நின்றார்கள். ஒருவன் வேண்டுமென்றே பிரீமியம் கேட்டு, 'எதுக்கு' என்று கேட்டதும் சிலிர்த்துப்போய் நண்பனைப் பார்த்துச் சிரித்தான்.

கூட்டத்தைப் பார்த்து மேனேஜர் முதலில் பூரித்துப்போனார். பிறகு மெஷினில் பார்த்தார். வந்த அத்தனை பேரும் சாதா.

மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. நெற்றியில் விபூதியும் சட்டைப்பையில் மாத்திரை அட்டையுமாக, முதலாளியின் போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற மனிதர். அக்காவை உள்ளே கூப்பிட்டு, ஏற்கெனவே ஒரு புகார் வந்திருக்கிறது, இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும் மதிய ஷிப்ட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

மதிய ஷிப்ட் என்றால் இரண்டு மணி முதல் ராத்திரி பத்து வரை. அக்காவின் கணவர் லாரி டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மாமியார் ஊரோடு போய்விட்டார். கடப்பேரியில் ஒற்றை அறை. காலை ஷிப்ட் இருப்பதால்தான் ஆறு மணிக்கு வந்து, இரண்டு மணிக்கு முடித்து, மூன்று இருபதுக்குப் பள்ளி வாசலில் போய் நிற்க முடிகிறது. காலையில் மகளைக் கிளப்பி அனுப்ப எதிர்வீட்டுப் பெண் இருக்கிறாள். சாயந்திரம் அவளும் வேலைக்குப் போய்விடுவாள். மதிய ஷிப்ட்டானால் எட்டு வயதுக் குழந்தை பூட்டிய அறைக்குள் பத்தரை மணிவரை தனியாக இருக்க வேண்டும்.

அக்கா இதையெல்லாம் என்னைக் குறை சொல்லிச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சாப்பிடவிடாமல் செய்தது. ஓடிப்போய் அந்தப் பதிவை நீக்கச் சொல்லிக் குழு நிர்வாகிக்கு எழுதினேன். 'என்ன ப்ரோ, இந்த வருஷத்தோட பெஸ்ட் பதிவு, நீக்கவெல்லாம் முடியாது' என்று பதில் வந்தது.

அதன் பிறகு அக்கா அடங்கிப்போனார். பிளாஸ்டிக் கவர் தூணிலிருந்து காணாமல் போனது. "பிரீமியம் ஃபுல்லா சார்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றால் போட்டார். போடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டில் போகிற பஸ்ஸின் நம்பரைப் படித்தார். வாடிக்கையாக வருகிற ஆட்டோக்காரர் ஒருவர், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். நாலு நாள் இப்படி ஓடியது. எனக்கு ஸ்டடி ஹாலிடேஸ். தினமும் ஏதாவது சாக்கு வைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற சொந்தக்காரன் மாதிரி.

ஐந்தாவது நாள், வியாழக்கிழமை, மணி பன்னிரண்டரை இருக்கும். நான் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய காலத்துப் பெரிய கார் ஒன்று உள்ளே வந்தது. அந்தப் பங்க் ரோட்டைவிட இரண்டடி உயரம். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கட்டியது. வருகிற வண்டியெல்லாம் ஒரு சின்ன ஏற்றம் ஏறித்தான் வர வேண்டும். இந்தக் கார் கியரை மாற்றாமல் திணறிக்கொண்டே ஏறி வந்து நின்றது. ஓட்டியவர் பாய். மேடவாக்கம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பக்கத்து சீட்டில் அவர் மனைவி, மடியில் ஒரு டிபன் கேரியர்.

டேங்க் காலி, சாதா போடு என்றார் பாய். எனக்கு நிம்மதி. கேட்டது சாதா. போடப்போவது சாதா. வம்பே இல்லை.

அக்கா பைப்பை எடுக்கவில்லை.

"பாய், உங்க வண்டிக்கு சாதா வோணாம். பிரீமியம் போட்டுக்க."

அந்தக் காரைப் பற்றி எனக்குத் தெரியும். அது பிறந்த காலத்தில் இதைவிட மட்டமான பெட்ரோல்தான் நாட்டில் கிடைத்தது. அதையே குடித்து வளர்ந்த என்ஜின். சாதாவே அதற்கு விருந்து. பாய்க்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டி, தலையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றேன். அக்கா பார்த்தார். பார்த்துவிட்டு என்னை அங்கே இல்லாதவளாக்கினார்.

ஏற்றத்தில் ஏறும்போது என்ஜின் சத்தம் போடுகிறது, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டுவது போல, பெட்ரோல் தாங்காமல் முன்னாலேயே வெடிக்கிறது என்று அக்கா விளக்கினார். பாய் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இது தன் வாப்பா ஓட்டிய வண்டி, தான் இருபது வருடமாக ஓட்டுகிற வண்டி, இதுவரை ஒரு சத்தமும் வந்ததில்லை என்றார். கேட்டதைப் போடாமல் விலை கூடினதைத் தலையில் கட்டுகிறாய், உனக்குக் கமிஷன் என்றார். கடைசியாக, புகார் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

கமிஷன் என்ற சொல்லைக் கேட்டு அக்காவின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஊரிலேயே பிரீமியம் விற்காத ஒரே பங்க் ஊழியர் மீது பிரீமியம் விற்ற பழி.

மேனேஜர் மாத்திரையை விழுங்கியபடியே வந்தார். பாய் சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏதேதோ ஓடியது. பிரீமியத்தை வற்புறுத்தி விற்றதாக அக்கா மீது புகார் வரும் என்று அவர் கனவிலும் தயாராகி இருக்கவில்லை. ஆனால் புகார் புத்தகத்தில் எழுதிவிட்டால் கம்பெனி ஆபீசர் பார்ப்பார், முதலாளிக்குப் போன் போகும். "எதுவா இருந்தா என்னம்மா, கம்ப்ளெய்ன்ட் கம்ப்ளெய்ன்ட்தானே. நான் முன்னாடியே சொல்லியிருக்கேன்" என்றார் மெதுவாக. அக்காவின் கண் ஒரு நொடி சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

"எழுது பாய், வோணான்னு சொல்லல. அதுக்கு முன்ன ஒரு தபா பாலத்து மேல ஏத்திக் காட்டு. சத்தம் வரலன்னா, இல்லாங்காட்டி பிரீமியம் ஊத்தியும் அதே சத்தம் வந்தா, நானே மத்தியான ஷிப்ட்டுக்குப் போறேன்னு சாருக்கு எழுதிக் குடுத்துட்றேன்."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி டிபன் கேரியரைக் கால் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, பின் கதவை எட்டித் திறந்துவிட்டார். "ஏறுங்க எல்லாரும். பார்த்துடலாம்."

பின் சீட்டில் ஜன்னலோரம் மேனேஜர், நடுவில் நான், இந்த ஓரம் அக்கா. என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் இறக்கியும் விடவில்லை. அக்கா கதவை ஒரு தடவை மெல்லச் சாத்தினார், சாத்தவில்லை. இரண்டாவது தடவை ஓங்கிச் சாத்தினார், வண்டியே ஆடியது. ஆறு வருடமாகக் கார்களுக்குப் பெட்ரோல் போடுகிறார். காருக்குள் உட்கார்ந்தது கல்யாணத்தன்று ஒரு முறை, பிரசவத்துக்குப் போகும்போது ஒரு முறை. சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கார் ஏறுவதற்கு எங்கள் பக்கம் மேடு என்றால் ரயில் பாதைக்கு மேல் போகிற மேம்பாலம்தான். அடிவாரத்தில் அக்கா சொன்னார்: மூன்றாவது கியரிலேயே ஏற்று, மாற்றாதே, யாரும் பேசாதீர்கள். ஒரு பழைய காருக்குள் ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை மாதமாக ஊரெல்லாம் ஆக்டேன் பாடம் எடுத்தேனே, அந்த என்ஜின் தட்டுகிற சத்தத்தை என் காதால் நான் கேட்டதே இல்லை. படம் பார்த்திருக்கிறேன். கிராஃப் போட்டிருக்கிறேன். பரீட்சையில் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன்.

பாதிப் பாலத்தில் கேட்டது. முதலில் ஒன்று இரண்டு. பிறகு கலகலவென்று, முன்னால் எங்கோ இரும்புக்கு அடியில். புளியங்கொட்டையேதான். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையேட்டில் இருப்பது புது வண்டி, நான் உட்கார்ந்திருப்பது முப்பது வருடக் கரி உள்ளே இடத்தை அடைத்து, பெட்ரோலை இன்னும் அமுக்குகிற வண்டி என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. தினமும் அந்த ஏற்றத்தில் ஏறி வருகிற வண்டிகளையெல்லாம் அக்கா இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அது ரோட்டுச் சத்தம் என்றார் பாய். ஏதோ கேட்ட மாதிரிதான் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது என்றார் மேனேஜர். பாயின் மனைவி பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து பிரீமியம் போட்டார்கள். அக்காவே போட்டார், ஜீரோ பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். பழையது குழாயில் இருக்கும், அது தீரட்டும் என்று மார்க்கெட் பக்கம் ஒரு சுற்று போகச் சொன்னார். மறுபடி பாலம். மறுபடி மூன்றாவது கியர். மறுபடி மூச்சு.

பாதிப் பாலம் வந்தது. என்ஜின் முனகியது, அவ்வளவுதான். உச்சிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கொட்டை உருண்டது போல இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

"எனக்கு ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு" என்றார் பாய்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். வருடக்கணக்காகக் கூடவே இருந்த சத்தம் அவருக்குச் சத்தமே இல்லை. மேனேஜர் தனக்கும் சரியாகத் தெரியவில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். "நீ கம்முனு இரு பாப்பா" என்றார் அக்கா. நான் அவர் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும்; என் சாட்சி செல்லாது. அக்காவின் விரல்கள் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன.

"ஏங்க, அந்தச் சத்தம் எங்கே?" என்றது முன் சீட்டு.

"எந்தச் சத்தம்?"

"பதினோரு வருஷமா நான் சொல்லிட்டு வர்ற சத்தம். ரோடு சரியில்லனு நீங்க சொல்லிட்டு வர்ற சத்தம்."

பாய் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடமே இல்லை அது.

"ரோட்டு மேல பழியப் போட்டுத்தானே கடைக்குப் போற வழியவே மாத்துனீங்க" என்றார் அவர் மனைவி. பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார். "அந்தப் புத்தகத்தை என்கிட்ட குடும்மா. எழுதறதா இருந்தா நான் எழுதறேன். இவரைப் பத்தி."

பாய் தேவையே இல்லாமல் ஒரு தடவை ஹாரன் அடித்தார். பிறகு கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, "கமிஷன்னு சொன்னதை மனசுல வெச்சுக்காதம்மா" என்றார்.

மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது. எங்கள் ஸ்டாஃப் அப்படித்தான் சார், ட்ரெய்னிங் கொடுத்திருக்கிறோம் சார், இனிமேல் எப்போதும் பிரீமியமே போட்டுக்கொள்ளுங்கள் சார் என்று அடுக்க ஆரம்பித்தார். அந்த இடத்தில் அக்கா சும்மா இருந்திருந்தால் எல்லாம் சுபம். எனக்குத் தெரியும், இருக்க மாட்டார் என்று. அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். பயனில்லை.

"அதெல்லாம் வோணாம் பாய். உள்ள கரி கட்டிகினு கீது. நல்ல மெக்கானிக்காண்ட குடுத்து கரி எடுத்துடு. அப்பால சாதாவே போதும்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். பாயின் மனைவி மட்டும் சிரித்தார். முடிந்தது, மதிய ஷிப்ட்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். கார் பாலத்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. கீழே ஒரு மின்சார ரயில் போனது. ஐந்து பேரும் அதையே பார்த்தோம்.

பங்க் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மேனேஜர் என்னைத் தாண்டிக் குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "ஏம்மா, என் வண்டி தெனம் அந்த ஏத்தத்துலதானே வருது. அதுல இந்தச் சத்தம் வருதா?" என்றார்.

அக்கா யோசிக்கவே இல்லை. "உன் வண்டி ஜம்முனு கீது சார். ஒரு சத்தமும் கெடையாது. ரெண்டு வருஷமா நீ பிரீமியம் ஊத்துறது தண்டம்."

கார் ஏற்றத்தில் ஏறி நின்றது. மேனேஜர் இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெள்ளைப் பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றே முக்கால். அறைக்குள் போகிற வழியில், திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடு. லேட் பண்ணாத."

அக்கா பைப்பைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எப்ப சார் லேட்டா வந்தேன்?"